பேஸ்மென்ட்டுக்குள்ள கொஞ்சம் பகல்

டொராண்டோவுக்கு மேற்படிப்புக்கு வர்ற நம்ம மக்கள் நிறைய பேரோட முதல் விலாசத்துல 'பேஸ்மென்ட்'ங்கற வார்த்தை இருக்கும். ஊருக்குப் போன் பண்ணும்போது மட்டும் அதை 'கீழ் வீடு'ன்னு நைசா மாத்திச் சொல்லிடுவோம். கீழ் வீடுன்னு சொன்னா அம்மா மனசுல திண்ணை, வாசப்படி, கோலம் எல்லாம் வந்துடும். இங்கே அது தரைக்கும் கீழே இருக்கற வீடு. ஈழத்து நண்பர்கள் 'நிலக்கீழ் அறை'ன்னு சொல்றாங்க. நேர்மையான வார்த்தை. நானும் என் ரூம்மேட்டும் ஸ்கார்பரோவுல அப்படி ஒரு நிலக்கீழ் அறையிலதான் ரெண்டாவது குளிர்காலத்தை ஓட்டிக்கிட்டிருக்கோம்.

அந்த இருட்டு அறையை எப்படி வெளிச்சமாக்கறதுன்னு ஒரு வருஷமா நோண்டிக்கிட்டே இருக்கேன். ஆணி அடிக்கக்கூடாது, பெயின்ட் அடிக்கக்கூடாது, வயரிங்ல கை வைக்கவே கூடாதுங்கற ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட வாடகைக்காரன் கையில என்ன முடியுமோ அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. சொந்த வீடு வாங்கிட்ட மகராசனுங்க சீலிங்ல வரிசையா ஓட்டை போட்டு விளக்கு பதிச்சுக்கலாம். அவங்களுக்கு இது வேலைக்காகாது.

இந்த ஊர்ல ஏன் எல்லா வீட்டுக்கு அடியிலயும் ஒரு பாதாளம் இருக்குன்னு வந்த புதுசுல நானும் யோசிச்சிருக்கேன். விஷயம் ரொம்ப சிம்பிள். குளிர்காலத்துல இங்கே மண்ணு உறைஞ்சு உப்பும். அஸ்திவாரம் அந்த உறையற மண்ணுக்கும் கீழே போய் உக்காரலைன்னா வீட்டையே கொஞ்சம் கொஞ்சமா தூக்கி விட்டுடும். தெற்கு ஒன்டாரியோவுல அது சுமார் 1.2 மீட்டர், நம்ம கணக்குல நாலடி. நாலடி தோண்டறவன் இன்னும் கொஞ்சம் தோண்டினா ஒரு தளமே கிடைச்சுடுது. ஹீட்டர், வெந்நீர் டேங்க், துணி தோய்க்கற மெஷின் எல்லாத்தையும் அங்கே தள்ளிடலாம். மனுஷங்களும் அங்கே வாடகைக்கு இருப்பாங்கங்கறது அப்புறமா வந்த யோசனை. டொராண்டோவுல இப்படி ரெண்டாவது குடித்தனம் வைக்கறது நகரம் முழுக்க சட்டப்படி செல்லும்னு ஆனதே 2000-லதான். ஆக, பழைய வீடுகள்ல ஜன்னல் வச்சவர் மனசுல இருந்தது ஹீட்டருக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்ங்கற கணக்குதான்.

செப்டம்பர்ல வந்து ரூம் பார்க்கறவங்களுக்கு இது தெரியாது. பிரச்சினை டிசம்பர்லதான் ஆரம்பிக்கும். டிசம்பர் 21 வாக்குல இங்கே சூரியன் காலையில 7.50-க்கு எட்டிப் பார்த்துட்டு சாயங்காலம் 4.45-க்குள்ள கடையைச் சாத்திடுது. மொத்தப் பகல் 9 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அன்னிக்குத் திருச்சியில ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் பகல். உச்சி வேளையிலகூட இங்கே சூரியன் அடிவானத்துல இருந்து 23 டிகிரி உயரத்தைத் தாண்டாது (திருச்சியில 55 டிகிரி). தாழ்வான சூரியன்ல ஒரு நல்லதும் உண்டு. தெற்கு பார்த்த ஜன்னலா இருந்து, எதிர்ல மறைப்பு இல்லேன்னா, குளிர்கால வெயில் ரூமோட உள்பக்கம் வரைக்கும் நீளமா வந்து விழும். ஆனா பக்கத்து வீட்டுச் சுவர் ரெண்டடி தள்ளி நிக்கற சந்துப் பக்கம் ஜன்னல் இருந்தா அந்த 23 டிகிரி சூரியன் நமக்குக் கிடையாது. எங்க ஜன்னல் சந்துப் பக்கம்தான்.

சரி, மேட்டருக்கு வர்றேன். நாங்க குடிவந்தப்போ ரூமுக்கு நடுவுல கண்ணாடிக் கிண்ணம் கவுத்த மாதிரி ஒரே ஒரு விளக்கு இருந்துச்சு. கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம், பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான். ரூம் 4 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 12 சதுர மீட்டர். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஈடுன்னு விக்கற எல்.இ.டி. பல்பு சுமார் 800 லுமன் வெளிச்சம் தரும். அது மொத்தமும் சிந்தாம சிதறாம தரையில விழுந்தாக்கூட ஒரு சதுர மீட்டருக்கு 67 லுமன். இதைத்தான் 67 லக்ஸ்னு சொல்றாங்க. நிஜத்துல அந்தக் கண்ணாடிக் கிண்ணமும் சுவரும் பாதிக்கு மேல முழுங்கிடும், மிச்சம் முப்பது சொச்சம். பரவாயில்லையே, வெளிச்சமா இருக்கேன்னு நாம நினைக்கற வீட்டு ஹால்ல ராத்திரி 100-ல இருந்து 300 லக்ஸ் வரைக்கும் இருக்கும். மேகம் மூடின பகல்ல வெளியே போனா ஆயிரக்கணக்குல. நல்ல வெயில்ல ஒரு லட்சம்!

150 லக்ஸாவது வேணும்னா, 12-ஐ 150-ஆல பெருக்கி, பாதி வீணாப் போகும்னு ரெட்டிப்பாக்கினா 3600 லுமன். அதாவது அஞ்சு பல்பு. ஒத்தை விளக்கு இருந்த இடத்துல அஞ்சு விளக்கு வேணும்ங்கறது கேக்க ஊதாரித்தனமா இருக்கும். ஆனா ஒவ்வொண்ணும் 9 வாட்தான். அஞ்சும் சேர்ந்தா 45 வாட். பழைய ஒத்தைக் குண்டு பல்பு இழுத்த கரண்ட்டைவிடக் குறைவு.

இது ஏன் முக்கியம்னா, எங்க வாடகையில கரண்ட்டும் சேர்த்தி. மாடியில இருக்கற வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணம். ரொம்ப நல்லவங்க, ஞாயித்துக்கிழமை கூழ் காய்ச்சினா கீழே ஒரு சட்டி வரும். ஆனா படியில எதிர்ப்படும்போதெல்லாம், "தம்பி, வெளிய போகேக்க லைற்றை நூத்துப்போட்டுப் போங்கோ"ன்னு ஒரு வார்த்தை சொல்லாம விடமாட்டாங்க. (எங்க ஊர்ல நூத்தா நூல் வரும், அவங்க ஊர்ல நூத்தா விளக்கு அணையும்.) அஞ்சு விளக்கைப் பார்த்து அவங்க முகம் போன போக்கு இருக்கே! 45 வாட், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாசத்துக்குப் பதினோரு யூனிட்டுகூட முழுசா வராது, காசாப் பார்த்தா ஒண்ணு ரெண்டு டாலர்னு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். பேப்பரை வாங்கி ரெண்டு தரம் பார்த்துட்டு, "அப்ப எங்கட மேல் வீட்டுக்கும் உதையே வாங்கித் தாருமன்"னுட்டாங்க.

ஆனா அஞ்சு பல்பையும் நடு சீலிங்லயே மாட்டினா காரியம் கெட்டுடும். பேஸ்மென்ட் சீலிங் தாழ்வு. எங்களுக்கு ஏழடி கூட இல்ல. தலைக்கு மேல சுரீர்னு அடிச்சா கண்ணு கூசும், கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எல்லாரும் பத்து நாள் பட்டினி கிடந்தவங்க மாதிரி தெரிவோம். மூலைகள் அப்படியே இருட்டா இருக்கும்.

இந்த ஒரு வருஷ நோண்டல்ல நான் கத்துக்கிட்டது இதுதான். ஒரு ரூம் வெளிச்சமா இருக்கா இல்லையான்னு கண்ணு முடிவு பண்றது சுவரைப் பார்த்து. நாம உக்காந்திருக்கும்போதும் நடக்கும்போதும் பார்வை போய் முட்டறது சுவத்துலதான், தரையில இல்ல. தரையில 200 லக்ஸ் கொட்டி சுவரை இருட்டா விட்டா அது குகை மாதிரியே இருக்கும். அதே வெளிச்சத்தைச் சுவத்து மேல பரப்பிவிட்டா ரூம் ரெண்டு அடி அகலமான மாதிரி தோணும். அதனால விளக்கை வாங்கறதைவிட அதை எந்தப் பக்கம் திருப்பி வைக்கறோம்ங்கறதுதான் வேலையே.

எங்க ரூம்ல இப்போ இப்படி இருக்கு. ஒரு மூலையில மேல்நோக்கி அடிக்கற நிலை விளக்கு. அது வெள்ளை சீலிங்ல பட்டுத் தெறிச்சு ரூம் முழுக்கச் சீரா இறங்குது. இன்னொரு மூலையில புத்தக அலமாரிக்குப் பின்னாடி, சுவரைப் பார்த்த மாதிரி, ஒட்டுற எல்.இ.டி. பட்டை. பல்பு கண்ணுலயே படாது, சுவர் மட்டும் தானா ஒளிர்ற மாதிரி இருக்கும். ஆளுக்கொரு மேஜை விளக்கு. அப்புறம் ஐகியாவுல சல்லிசாக் கிடைக்கற உருண்டைக் காகிதக் கூடு ஒண்ணு. மாணவர்கள் தங்கற ரூம்ல எல்லாம் நிலா மாதிரி தொங்கிக்கிட்டிருக்குமே, அதேதான். அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கலைஞன் இருக்கார்ங்கறது எனக்கு இங்கே வந்துதான் தெரியும். இசாமு நொகுச்சிங்கற சிற்பி 1951-ல ஜப்பான்ல கிஃபு ஊருக்குப் போனப்போ அங்கே செய்யற பாரம்பரியக் காகித லாந்தரைப் பார்த்து, அதை மின்விளக்குக்கு ஏத்த மாதிரி சிற்பமா மாத்தினார். 'அகாரி'ன்னு பேர் வச்சார், வெளிச்சம்னு அர்த்தம். இன்னிக்கு நாம வாங்கற மலிவுக் கூடெல்லாம் அதோட தூரத்துச் சொந்தம்.

மாசக் கடைசியில வீடு காலி பண்றவங்க ரோட்டோரம் நல்ல நல்ல விளக்கையெல்லாம் வச்சுட்டுப் போவாங்க. நானும் பொறுக்குவேன், வெக்கமெல்லாம் இல்ல. ரெண்டு விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. துணிக் கூடு வேண்டாம், மூட்டைப்பூச்சி கூட வரும். உலோகமோ கண்ணாடியோ மட்டும் எடுங்க. ரெண்டாவது, மேல்நோக்கி அடிக்கற பழைய ஹாலஜன் நிலை விளக்கு. அதை அங்கேயே விட்டுட்டு வாங்க. 300 வாட் குழல் பல்பு திறந்து கிடக்கும், அடுப்பு மாதிரி கொதிக்கும். ஜாஸ் இசைக்கலைஞர் லயனல் ஹாம்ப்டனோட நியூயார்க் வீடு 1997 ஜனவரியில எரிஞ்சுபோனது அப்படிப்பட்ட ஒரு விளக்காலதான். புதுசா எது வாங்கினாலும் அடியில சி.எஸ்.ஏ. மாதிரி இங்கே செல்லுபடியாகற முத்திரை இருக்கான்னு திருப்பிப் பாருங்க. ஒயரைக் கம்பளத்துக்கு அடியில ஓட்டாதீங்க.

சுவருக்கு வர்றேன். எங்க ரூம்ல ஒரு பக்கம் முழுக்கக் கரும்பழுப்பு மரப்பலகை. எழுபதுகள்ல இதுதான் இங்கே ஃபேஷன் போல. பெயின்ட் கடை அட்டையில ஒவ்வொரு நிறத்துக்கும் அது எத்தனை சதவீத வெளிச்சத்தைத் திருப்பித் தரும்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. நல்ல வெள்ளைன்னா 85 கிட்ட. இந்த மாதிரி கரும்பழுப்புக்குப் பத்துப் பதினஞ்சைத் தாண்டாது. அதாவது நாம காசு கொடுத்து வாங்கின வெளிச்சத்துல பெரும்பகுதியை அந்தப் பலகை உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கு. பெயின்ட் அடிக்க அனுமதி இல்ல. கடைசியில பொட்டியில இருந்து எட்டு முழ வேட்டி ரெண்டை எடுத்து, நெருக்கி அடிக்கற திரைக்கம்பி ஒண்ணு வாங்கி, பலகைக்கு முன்னாடி தொங்க விட்டேன். கரையை மேல் பக்கமா வச்சா பார்க்கவும் ஜம்முனு இருக்கு. கீழே இருந்து ஒரு எல்.இ.டி. விளக்கை அது மேல அடிச்சா... அந்த ஒரு மாற்றம் மத்த எல்லா விளக்கையும் சேர்த்து வச்சதுக்குச் சமம். கல்யாணத்துக்குக் கட்டச் சொல்லி அப்பா கொடுத்த வேட்டி, சுவருக்குக் கட்டியாச்சு :-)

ஒரு எச்சரிக்கை. வேட்டி, ஜமுக்காளம், சேலை எதுவா இருந்தாலும் உள்பக்கத் தடுப்புச் சுவத்துல மட்டும் தொங்கவிடுங்க. மண்ணை ஒட்டின வெளிச்சுவர் குளிர்ந்தே இருக்கும். அதை மூடினா காத்தோட்டம் போய் ஈரம் தங்கிப் பின்னாடி பூஞ்சை பூக்கும். கட்டில், அலமாரியையும் அந்தச் சுவத்துல இருந்து ஒரு கை தள்ளியே போடுங்க. கோடையில ஈரம் உறிஞ்சற மெஷின் ஓட்டி ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள்ள வச்சுக்கிட்டா அந்தப் புழுங்கல் வாசனையும் போகும்.

பல்போட நிறத்துல நம்மாளுங்க எல்லாரும் ஒரே மாதிரிதான். டியூப் லைட்டுல வளர்ந்த கண்ணு, நேரா 'டேலைட்'னு எழுதின 6500 கெல்வின் பல்பைத்தான் எடுக்கும். பேரே டேலைட், இருட்டு ரூமுக்கு அதைவிட என்ன வேணும்? ஆனா கொஞ்சூண்டு வெளிச்சத்துல அந்த நீல வெள்ளை, பிணவறை மாதிரி இருக்கும். க்ரூயிட்ஹாஃப்ங்கற டச்சுக்காரர் 1941-லயே இதைச் சொல்லியிருக்கார்: வெளிச்சம் குறைவா இருந்தா மஞ்சள் சாயல்தான் இதம், நீலச் சாயல் இதமா இருக்கணும்னா வெளிச்சம் ரொம்ப வேணும்னு. பிறகு வந்த சோதனைகள் அதை அப்படியே ஆமோதிக்கலை. ஆனா எங்க ரூமைப் பொறுத்தவரை மனுஷன் சொன்னது சரி. படிக்கற மேஜைக்கு 4000, மத்த இடத்துக்கெல்லாம் 2700-ன்னு வச்சிருக்கேன். நிறத்தைச் சரியாக் காட்டற குறியீடு 90-க்கு மேல இருக்கான்னும் அட்டையில பாருங்க. சாம்பார் சாம்பார் நிறத்துல தெரியறதுக்கு அது ரொம்ப அவசியம்.

கண்ணாடி மாட்டினா வெளிச்சம் ரெட்டிப்பாகும்னு எல்லாரும் சொல்வாங்க. கண்ணாடி எதைப் பார்த்து நிக்குதோ அதைத்தான் ரெட்டிப்பாக்கும். ஜன்னலையோ ஒளிர்ற சுவரையோ பார்த்து வச்சா லாபம். இருட்டு மூலையைப் பார்த்து வச்சா ரெண்டு இருட்டு மூலை.

இதையெல்லாம் அலங்கார ஆசையில ஆரம்பிச்சேன்னு நினைச்சுடாதீங்க. போன வருஷம் நவம்பர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்ச வாரத்துல இருந்து என் ரூம்மேட் எழுந்திரிக்கறதே நின்னுபோச்சு. முதல்ல காலை வகுப்பு போச்சு, அப்புறம் லேப். சமையல் முறையும் போச்சு. கேட்டா, "டைமே தெரியலடா"ம்பான். உண்மைதான், அந்த ரூம்ல காலை ஏழும் மத்தியானம் ரெண்டும் ஒரே மாதிரி. ஒருநாள் அவங்க அம்மா கோயமுத்தூர்ல இருந்து வீடியோவுல கூப்பிட்டாங்க. அங்கே ராத்திரி பத்தரை, ஹால்ல டியூப் லைட்டு பளீர்னு எரியுது. இங்கே நடு மத்தியானம், திரையில இவன் முகம் இருக்கற இடத்துல ஒரு கருப்பு உருவம். "ஏங்கண்ணு, அங்க பகல்னு சொன்னே, அப்புறம் ஏன் இத்தனை இருட்டா இருக்குது?"ன்னாங்க. இவன் பதில் சொல்லாம போனைக் கவுத்து வச்சுட்டான். நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு விளக்கு வாங்கப் போனேன்.

பத்து டாலருக்கு ஒரு டைமர் கிடைக்கும். அவன் தலைமாட்டு விளக்கை அதுல சொருகி, காலை ஏழு மணிக்கு எரியற மாதிரி வச்சேன். முதல் வாரம் திட்டினான். அப்புறம் எழுந்திரிச்சு உக்காந்து திட்டினான். ஆனா விளக்குதான் குணமாக்குச்சுன்னு சொல்லமாட்டேன். குளிர்காலத்துல மட்டும் வர்ற மனச்சோர்வை நார்மன் ரோசன்தாலும் கூட்டாளிகளும் 1984-லயே விவரிச்சு, வெளிச்ச சிகிச்சையைப் பத்தியும் எழுதிட்டாங்க. அதுக்குன்னு விக்கற விளக்குப் பெட்டி 10,000 லக்ஸ் தரும், காலையில அரை மணி நேரம், குறிப்பிட்ட தூரத்துல உக்காரணும். எங்க அஞ்சு விளக்கோட 150 லக்ஸ் அது பக்கத்துலயே வராது. கண்ணுல பிரச்சினை இருக்கறவங்களும், மனநிலை மேலும் கீழுமா போற வியாதி இருக்கறவங்களும் டாக்டரைக் கேக்காம அதைத் தொடக்கூடாது. இவன் கேம்பஸ் டாக்டர்கிட்ட போனான், பெட்டியும் வாங்கினான், கவுன்சலிங்கும் போனான். மத்தியானம் சாப்பாட்டுக்கப்புறம் இருபது நிமிஷம் கட்டாய நடை, மேகமோ பனியோ. பிப்ரவரி கடைசியில சமையல் முறைக்குத் திரும்பினான். (ரசம் இன்னும் தேறலை.)

கறிவேப்பிலைச் செடி ஆசை இருக்கறவங்களுக்கு: பேஸ்மென்ட் ஜன்னல்ல அது பிழைக்காது. மணி பிளாண்ட் சமாளிக்கும். கறிவேப்பிலைதான் வேணும்னா செடிக்குன்னே விக்கற விளக்கைத் தினம் பன்னெண்டு மணி நேரம் எரிய விடணும், அப்புறம் அக்காகிட்ட இன்னொரு பேப்பர்ல கணக்கு காட்டணும்.

ஜன்னலைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். சின்ன ஜன்னலை மறைச்சு, தரை வரைக்கும் திரை போட்டு, பின்னாடி விளக்கு வச்சு பெரிய ஜன்னல் மாதிரி காட்டற உடான்ஸ் வேலை ஒண்ணு இப்போ பிரபலம். பார்க்க அழகாத்தான் இருக்கு. வெறும் சுவத்துல செய்யுங்க, நிஜ ஜன்னல் மேல செய்யாதீங்க. படியில தீப்பிடிச்சா உங்களுக்கு இருக்கற ஒரே வழி அந்த ஜன்னலா இருக்கலாம். தப்பிக்கற ஜன்னல்னா திறந்த இடைவெளி 0.35 சதுர மீட்டராவது இருக்கணும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாதுன்னு ஒன்டாரியோ கட்டட விதி சொல்லுது. வெளியே ஜன்னலுக்காகத் தோண்டின குழி இருந்தா அதுல விழற இலையையும் பனியையும் வாரிக்கிட்டே இருங்க. வெளிச்சமும் வரும், வழியும் இருக்கும். புதுப்பனி தன் மேல விழற வெளிச்சத்துல 80 சதவீதத்துக்கு மேல திருப்பி அடிக்கும், அதனால குழிக்கு வெளியே கிடக்கற பனி நமக்கு நண்பன், குழிக்குள்ள கிடக்கறது எதிரி. நான் அக்காகிட்ட கேட்டு குழியோட உள்பக்கத் தகரத்துக்கு வெள்ளை அடிச்சேன். பெயின்ட் வேண்டாம்னு சொன்னவங்க, அதுக்கு மட்டும் பிரஷ்ஷையும் அவங்களே கொடுத்தாங்க.

புதுசா ரூம் தேடறவங்க மத்தியானமாப் போய்ப் பாருங்க. உள்ளே நுழைஞ்சதும் எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷம் கண்ணு பழகட்டும். ஜன்னலைத் திறந்து பாருங்க, பாதி ஜன்னல் பெயின்ட் ஒட்டி இறுகிப் போயிருக்கும். புகை அலாரமும், ஹீட்டர் பக்கத்துல ரூம்னா கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கான்னு கேளுங்க. பையில ஒரு இஞ்ச் டேப் இருக்கட்டும்.